1 சென்டிமீட்டர் அசைவு, 70 சென்டிமீட்டர் ஆட்டம்: பாலத்து கேபிள்கள் ஏன் ஆடுகின்றன?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, பேசும்போது முன்னே பின்னே சொன்ன கணக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு கதை நெதர்லாந்தில், ரோட்டர்டாம் நகரத்தில் ஆரம்பிக்குது.

1996 செப்டம்பரில் அங்கே எராஸ்மஸ் பாலத்தைத் திறந்தார்கள். 802 மீட்டர் நீளம். ஒரே ஒரு தூண், 139 மீட்டர் உயரம், நடுவில் லேசா மடிஞ்ச மாதிரி நிற்கும். தூணிலிருந்து சாய்வாக கேபிள்கள் இறங்கி, வண்டி போகிற தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். மும்பை பாந்த்ரா-வொர்லி பாலத்தைப் பார்த்திருந்தால் இந்த அமைப்பு உங்களுக்குத் தெரியும். ரோட்டர்டாம்காரர்கள் தங்கள் பாலத்துக்கு வைத்த செல்லப் பெயர் 'அன்னம்'.

திறந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருக்கும். நவம்பரில் ஒரு நாள், மழை, கூடவே காற்று. பாலத்தைச் சாய்க்கிற புயல் எல்லாம் இல்லை. ஆனால் கேபிள்கள் ஆட ஆரம்பித்தன. கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் இல்லைங்க, கீழே நின்று பார்த்தாலே பயம் வருகிற ஆட்டம். கேபிளோடு சேர்ந்து தளமும் அசைந்தது. அவசரத்துக்கு கேபிள்களைக் கயிறு போட்டுத் தளத்தோடு கட்டினார்கள். அப்புறம் ஒவ்வொரு கேபிளின் அடியிலும் ஹைட்ராலிக் டாம்பர் பொருத்தினார்கள். நம்ம பைக்கில் இருக்கிற ஷாக் அப்சார்பருக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்க.

புதுப் பாலம். கம்ப்யூட்டர் இருந்த காலம். கணக்குப் போடத் தெரிந்த ஊர். அப்புறம் எப்படி?

வைவாவில் சொன்ன பதில்

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேரில். காலேஜில் வைப்ரேஷன் லேப் வைவாவில் 'ரெசனன்ஸ்னா என்ன?'ன்னு கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஒரு பொருளுக்கு இயல்பான அதிர்வெண் ஒண்ணு இருக்கு, அதே அதிர்வெண்ணில் தள்ளினால் ஆட்டம் பெரிசாகும். மார்க் வாங்க இது போதும். பாலத்துக்குப் போதாது.

ஏன்னா இந்தப் பதில் 'லீனியர்' உலகத்தின் பதில். அந்த உலகத்தில் ரெண்டு மடங்கு தள்ளினால் ரெண்டு மடங்கு ஆடும், பாதி தள்ளினால் பாதி ஆடும். அதில் ஆச்சரியமே கிடையாது. பாலத்து கேபிள் அந்த உலகத்தில் முழுசா இல்லை. அது மூணு விஷயத்தில் விதியை மீறுகிறது. பக்கவாட்டில் யாரும் தள்ளாமலே ஆடும். ஒரு எல்லை வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, அதைத் தாண்டினதும் திடீர்னு எகிறும். கடைசியா, கொஞ்ச நேரம் முன்னாடி தனக்கு என்ன நடந்தது என்பதை ஞாபகம் வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி: ஒரு கோடு தண்ணீர்

முதலில் அந்த மழை. 1980-களின் நடுவில் ஜப்பானின் நகோயா நகரத்தில் மெய்கோ நிஷி பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வெறும் காற்று அடிக்கும்போது கேபிள்கள் சும்மா இருக்கின்றன. மழையும் சேர்ந்தால் ஆடுகின்றன. கேபிளின் விட்டம் 14 சென்டிமீட்டர்தான். காற்று நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். ஆனால் கேபிள் தன் விட்டத்தைவிட அதிகமான தூரத்துக்கு ஆடியது.

காரணம் ரொம்ப சின்னது. மழைத்தண்ணீர் சாய்வான கேபிள் வழியாக வழியும்போது, கேபிளின் மேல்பக்கத்தில் மெல்லிய ஓடை மாதிரி ஒரு கோடு உருவாகிறது. ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கும், காற்று மேலே தள்ளும், ரெண்டும் சமமாகிற இடத்தில் அந்தக் கோடு நிற்கும். அதனால் வட்டமான கேபிள், காற்றைப் பொறுத்தவரை இனி வட்டம் இல்லை. ஒரு பக்கம் மேடு வந்துவிட்டது. கேபிள் கொஞ்சம் அசைந்தால் தண்ணீர்க் கோடும் இடம் மாறும். கோடு மாறினால் காற்று தரும் விசையும் மாறும். அந்த விசை கேபிளை இன்னும் அசைக்கும். சுத்தமான ஃபீட்பேக் லூப். காற்று ரொம்ப வேகமானால் தண்ணீர்க் கோடே பறந்துவிடும், ஆட்டமும் நின்றுவிடும். 'காற்று கூடினால் ஆட்டம் கூடும்' என்கிற லீனியர் நம்பிக்கைக்கு இங்கேயே முதல் அடி.

சரி, கேபிள் ஆடினதுக்குக் காரணம் கிடைச்சாச்சு. ஆனால் ரோட்டர்டாமில் தளமும் அசைந்ததே? கேபிளும் தளமும் தனித்தனிப் பொருள்கள் இல்லை. கேபிள் ஆடினால் தளத்தை இழுக்கும், தளம் அசைந்தால் கேபிளை இழுக்கும். இந்த ரெண்டாவது பாதைதான் இன்னைக்கு நம்ம எபிசோடின் நாயகன்.

ஊஞ்சலும் கேபிளும்

சின்ன வயசில் ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியிருப்பீங்க. பின்னாடி தள்ளிவிட ஆள் இல்லை. என்ன செய்வோம்? நடுவில் வரும்போது நிமிர்வோம், ரெண்டு ஓரத்திலும் முழங்கால் மடக்கி உட்காருவோம். ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் ரெண்டு முறை நிமிர்ந்திருப்போம். இங்கே யாரும் ஊஞ்சலைப் பக்கவாட்டில் தள்ளவே இல்லை. அதன் ஒரு குணத்தை, அதாவது தொங்குகிற நீளத்தை, ரெண்டு மடங்கு அதிர்வெண்ணில் மாற்றிக்கொண்டே இருந்தோம். அவ்வளவுதான்.

கேபிளில் மாறுவது நீளம் இல்லை, இழுவிசை. தளம் மேலும் கீழும் அசையும்போது கேபிளின் கீழ்முனை, கேபிளின் திசையிலேயே கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் தளரும். கேபிள் வெளியே போகும்போது தளர்வு, நடுவுக்குத் திரும்பும்போது இறுக்கம் என்று அமைந்துவிட்டால், ஒவ்வொரு திரும்புதலிலும் கேபிளுக்குக் கொஞ்சம் சக்தி சேரும். ஒரு முழு ஆட்டத்தில் ரெண்டு திரும்புதல். அதனால் தளத்தின் அதிர்வெண் கேபிளுடையதைப் போல ரெண்டு மடங்காக இருந்தால் ஆபத்து. இதுக்குப் பேர் பாராமெட்ரிக் ரெசனன்ஸ்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1860-க்கு முன்பின்னாக ஃபிரான்ஸ் மெல்டே என்கிற ஜெர்மன் இயற்பியலாளர், ஒரு இசைக்கவையில் நூலைக் கட்டி, நூலின் திசையிலேயே கவையை அதிரவிட்டுப் பார்த்தார். நூல் பக்கவாட்டில் ஆடியது, அதுவும் கவையின் பாதி அதிர்வெண்ணில். நீங்களும் செய்து பார்க்கலாம். ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டாமல் உங்கள் பக்கமாக மட்டும் இழுத்து இழுத்து விடுங்க. சரியான தாளம் கிடைத்ததும் கயிறு தானாகத் துள்ளும்.

இப்போ அந்த வைவா பதில் எங்கே இடறுதுன்னு பாருங்க. கேபிளின் அதிர்வெண் நொடிக்கு 0.6 என்றால், வடிவமைப்பாளர் தளத்தில் 0.6 இல்லாமல் பார்த்துக்கொள்வார். டிக் போட்டுவிடுவார். 1.2-ஐ அவர் பார்க்கவே இல்லை.

ஒரு நாப்கின் கணக்கு

எவ்வளவு அசைந்தால் ஆபத்து? இதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு 200 மீட்டர் கேபிளை எடுத்துக்கோங்க. வழக்கமாகப் பாலத்தில் இருக்கிற அளவு இழுவிசையில், இந்த எஃகு கேபிள் சுமார் அரை மீட்டர் நீண்டிருக்கும். அதன் இயல்பு அதிர்வெண் நொடிக்கு சுமார் 0.6.

அடுத்து டாம்பிங், தமிழில் தணிப்பு. எஃகு கேபிளின் தணிப்பு மிக மிகக் குறைவு, 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படின்னா என்ன? ஒரு தடவை தட்டிவிட்டால், ஆட்டம் பாதியாகக் குறையவே சுமார் 110 முறை ஆட வேண்டும். நம்ம கேபிளுக்கு அது 3 நிமிஷம்.

ரெண்டு மடங்கு அதிர்வெண் சரியாகப் பொருந்தும்போது, இழுவிசை எத்தனை சதவீதம் ஏறி இறங்கினால் ஆட்டம் வளரும் என்பதுக்கு ஒரு எளிய விதி உண்டு: தணிப்பைப் போல நாலு மடங்கு. 0.1-இன் நாலு மடங்கு 0.4 சதவீதம். அரை மீட்டர் நீட்சியில் 0.4 சதவீதம் எவ்வளவு? 2 மில்லிமீட்டர்.

200 மீட்டர் கேபிளின் முனை 2 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அசைந்தாலே போதும், எல்லை தாண்டியாச்சு. அதுக்குக் கீழே, 1.9 மில்லிமீட்டரில், ஒண்ணுமே நடக்காது. எந்தச் சின்ன ஆட்டமும் தானாக அடங்கிவிடும். அதுக்கு மேலே, சின்ன ஆட்டம் ஒவ்வொன்றும் வட்டிக்கு வட்டி போட்டு வளரும். முனை 10 மில்லிமீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர் அசைந்தால், கேபிளின் ஆட்டம் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 1 சென்டிமீட்டரில் ஆரம்பித்தாலும், நாலைந்து நிமிஷத்தில் அரை மீட்டரைத் தாண்டிவிடும். பாலத்தில் ஒரு சிக்னலுக்கு நின்று கிளம்புகிற நேரம்தான்.

அப்போ ஏன் அறுந்து போகலை?

நல்ல கேள்வி. இதுவரை போட்ட கணக்கின்படி ஆட்டம் முடிவில்லாமல் வளர வேண்டும். நிஜத்தில் வளராது. ஏன் என்பதில்தான் நான்-லீனியர் என்ற வார்த்தைக்கு அர்த்தமே இருக்கு.

கேபிளின் ரெண்டு முனையும் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் வளைந்தால் அது நேர்க்கோட்டைவிட நீளமாக வேண்டும், இல்லையா? நம்ம 200 மீட்டர் கேபிளின் நடுப்பகுதி 1 மீட்டர் விலகினால், கேபிள் 12 மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். ஏற்கெனவே இருக்கிற அரை மீட்டர் நீட்சியில் அது இரண்டரை சதவீதம். அதனால் இழுவிசை கூடுகிறது, அதிர்வெண்ணும் ஏறுகிறது, 1 மீட்டர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம். கிட்டார் கம்பியை ரொம்ப வேகமாகத் தட்டினால் முதலில் சுருதி கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்கி நிலைக்கும். அதே விஷயம்தான்.

இப்போ பாருங்க. ஆட்டம் பெரிசாகப் பெரிசாக, கேபிளின் அதிர்வெண் தளத்தின் பாதியிலிருந்து விலகிப் போகிறது. தாளம் தப்புகிறது. தாளம் தப்பினால் சக்தி சேராது. ஒரு இடத்தில், உள்ளே வருகிற சக்தியும் தணிப்பில் போகிற சக்தியும் சமமாகி, வளர்ச்சி நிற்கும். முனை 10 மில்லிமீட்டர் அசைகிற நம்ம உதாரணத்தில் அது எங்கே நிற்கும்? சுமார் 70 சென்டிமீட்டரில்.

1 சென்டிமீட்டர் உள்ளே, 70 சென்டிமீட்டர் வெளியே. கேபிள் அன்றைக்கே அறுந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன் வேர், அதாவது தூணிலும் தளத்திலும் பிடித்து வைத்திருக்கிற இடம், வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போமே, அந்தச் சோர்வு அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 0.6 என்றால் ஒரு மணி நேரத்தில் 2,000 முறைக்கு மேல். ஒரு பாலம் நூறு மழைக்காலம் நிற்க வேண்டும் என்று நினைத்தால், கவலைப்பட வேண்டியது இங்கேதான்.

ஞாபகம் உள்ள கேபிள்

கோட் எழுதுகிறவர்களுக்குப் பிடித்த பகுதி இது. தளத்தின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கேபிள் கூடவே ஏறும். ஏன்னா பெரிய ஆட்டத்தில் அதன் அதிர்வெண்ணும் கூடுதல். அதே இடத்துக்கு மேலிருந்து இறங்கி வந்தால், கேபிள் அசையாமல் நிற்கும். அதே தளம், அதே அசைவு, அதே அதிர்வெண். ஒரு தடவை 70 சென்டிமீட்டர், இன்னொரு தடவை பூஜ்யம். ஒரே இன்புட்டுக்கு ரெண்டு அவுட்புட். உள்ளே ஸ்டேட் வைத்திருக்கிற ஃபங்ஷனை டெஸ்ட் செய்கிற மாதிரி. 'நாங்க போய்ப் பார்த்தப்போ ஆடலையே' என்று ஆய்வுக்குழு சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்று ஆடியதைப் பார்த்தவரும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. கேபிளுக்கு மேல்-கீழ் ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இருக்கும். அதனால் மேல்-கீழாக ஆரம்பித்த ஆட்டம், பெரிசானதும் பக்கவாட்டுக்கும் கசிந்து, ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுற்ற ஆரம்பிக்கலாம். ஒரே தளத்தில் மட்டும் ஆடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அங்கே தோற்கும்.

ஒரு நேர்மையான குறிப்பு: என் கணக்கில் கேபிளை நேரான கம்பியாக வைத்துக்கொண்டேன். நிஜக் கேபிள் தன் எடையில் கொஞ்சம் தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வால் அதிர்வெண் லேசாக மாறும். தளம் அதே அதிர்வெண்ணில் அசைந்தாலும் ஆட்டம் வரும். அதனால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, ரெண்டு விகிதத்தையும் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் யோசனை: அந்த விகிதங்கள் வராமல் வடிவமைப்பது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அமெரிக்காவின் டெக்ஸஸில் உள்ள ஃபிரெட் ஹார்ட்மன் பாலத்தில் மட்டும் 192 கேபிள்கள். ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒரு இழுவிசை. தளத்துக்கும் ஒரு அதிர்வெண் இல்லை, வரிசையாகப் பல உண்டு. போதாக்குறைக்கு வெயில், வண்டி நெரிசல் எல்லாம் இழுவிசையை மாற்றிக்கொண்டே இருக்கும். எல்லா ஜோடியையும் விலக்கி வைப்பது நடக்காத காரியம்.

இரண்டாவது, ஆட்டத்தின் மூலத்தைக் கெடுப்பது. பிரான்ஸில் 1995-இல் திறந்த, 856 மீட்டர் நடு இடைவெளி கொண்ட நார்மண்டி பாலத்தில், கேபிள் உறையின் மேல் திருகு மாதிரி மெல்லிய வரப்பு சுற்றி வரும். தண்ணீர்க் கோடு நேராக ஓட முடியாது. ஜப்பானில் 1999-இல் வந்த, 890 மீட்டர் இடைவெளி கொண்ட தத்தாரா பாலத்தில் உறை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். நோக்கம் ஒன்றே.

மூன்றாவது, கேபிள்களைக் குறுக்கே ஒன்றோடொன்று கட்டுவது. நார்மண்டியில் இதுவும் உண்டு. கட்டினால் ஒவ்வொரு கேபிளின் ஆடும் நீளமும் குறையும், அதிர்வெண் ஏறும். ரோட்டர்டாமில் அவசரத்துக்குக் கட்டிய கயிறும் இதன் எளிய வடிவம்தான்.

நான்காவது, டாம்பர். எனக்குப் பிடித்தது இதுதான். கேபிளின் அடியிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் ஒரு டாம்பர் வைக்கிறோம். அது கேபிள் நீளத்தில் 1 சதவீதம். அதில் அதிகபட்சமாக அதன் பாதி, 0.5 சதவீதம் தணிப்பு கிடைக்கும். டாம்பர் ரொம்ப மென்மையாக இருந்தால் வேலை செய்யாது. ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் செய்யாது. கேபிள் அதையே புது முனையாக எடுத்துக்கொண்டு அதுக்கு மேலே ஆடும். நடுவில் ஒரு சரியான அளவு இருக்கு. சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்தில் 2002-இல் இன்னும் ஒரு படி போனார்கள்: டாம்பருக்குள் இரும்புத் துகள் கலந்த திரவம். காந்தப்புலத்தைக் கூட்டினால் திரவம் கெட்டியாகும், அதனால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வெறும் 0.5 சதவீதமா என்று தோணும். நாலு மடங்கு விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. 0.5-இன் நாலு மடங்கு 2 சதவீதம். அரை மீட்டரில் 2 சதவீதம், 10 மில்லிமீட்டர். அதாவது முன்னே 70 சென்டிமீட்டர் ஆட்டத்தைக் கொடுத்த அதே அசைவு, இப்போது தொடக்க எல்லையிலேயே நின்றுவிடுகிறது. லீனியர் உலகத்தில் தணிப்பை ஐந்து மடங்காக்கினால் ஆட்டம் ஐந்தில் ஒன்றாகும். இங்கே அது இல்லாமலே போகிறது. எகிறுவது எவ்வளவு திடீரென்று நடக்குமோ, அடங்குவதும் அவ்வளவு திடீரென்று.

நான் இதிலிருந்து எடுத்துக்கிட்டது ஒண்ணு. எங்க வேலையிலும் 'இந்தத் தப்பு நடக்கவே நடக்காது' என்று டிசைன் செய்வதைவிட, 'நடந்தாலும் வளராது' என்று டிசைன் செய்வது பெரும்பாலும் மலிவு. எல்லா ஜோடி அதிர்வெண்ணையும் யாராலும் விலக்க முடியாது. ஆனால் எல்லாக் கேபிளுக்கும் கொஞ்சம் தணிப்பைக் கொடுக்க முடியும்.

அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு பாலத்தைக் கடக்கும்போது, எல்லோரும் தூணைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. நீங்க கேபிளின் அடியைப் பாருங்க. அங்கே ஷாக் அப்சார்பர் மாதிரி ஏதாவது நின்றால், பக்கத்தில் இருக்கிறவர்கிட்டே இந்த 2 மில்லிமீட்டர் கதையைச் சொல்லுங்க. அந்த ஜன்னல் கம்பிக் கயிறு சோதனையைச் செய்து பார்த்தால் வீடியோ அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம். டென்ஷன் ஆகாம இருங்க. அதைக் கேபிள் பார்த்துக்கும்.